காற்றாலையா, நிலக்கரியா? தமிழ்நாட்டு மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்று பள்ளிப் பாடத்தில் இரண்டு பத்தி போட்டு நன்மை தீமைகளை எழுதச் சொல்வார்கள். பரீட்சைக்கு அது போதும். கரண்ட் பில் கட்டுகிறவருக்கும், மாடியில் சோலார் போடலாமா என்று யோசிப்பவருக்கும் போதாது. ஆகவே தமிழ்நாட்டையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். சுரங்கம், அணு உலை, அணை, காற்றாலை, சூரியப் பூங்கா எல்லாமே இங்கே இருக்கின்றன.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, யுரேனியம் ஆகியவை பூமிக்குள் உள்ள இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். வெயில், காற்று, ஓடும் நீர், பயிர்க் கழிவு ஆகியவை திரும்பத் திரும்ப வருபவை. இதுதான் பாடப்புத்தக விடை.

மின்வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் வித்தியாசம் வேறு. நிலக்கரியை யார்டில் குவித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது எரிக்கலாம். காற்றும் வெயிலும் தங்கள் நேரத்துக்குத்தான் வரும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

நிலக்கரி எத்தனை ஆண்டில் தீரும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு இது அவ்வளவு முக்கியமான கேள்வியாகப் படவில்லை. இந்தியாவிடம் நிலக்கரி ஏராளமாக இருக்கிறது, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். அதை எடுப்பதற்கு அழியும் நிலம், எரித்தபின் மிஞ்சும் சாம்பல், காற்றில் சேரும் கரியமில வாயு ஆகியவற்றுக்குத்தான் இடம் தீர்ந்துகொண்டு வருகிறது.

நெய்வேலியில் நம் மண்ணிலேயே கிடைக்கிறதே, அப்புறம் என்ன குறை?

நெய்வேலியின் கதை 1930களில் தொடங்குகிறது. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, அடுத்த ஆண்டு சுரங்கப் பணி தொடங்கி, 1962இல் முதல் மின் உற்பத்தி நடந்தது. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி வளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. காமராஜர் காலத்துத் தொழில் வளர்ச்சியில் நெய்வேலி மின்சாரத்துக்குப் பெரிய இடமுண்டு. அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் பழுப்பு நிலக்கரி நல்ல எரிபொருள் இல்லை. எடையில் பாதி ஈரம். கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் குறைவு, ஆகவே ஒரு யூனிட்டுக்கு அதிகம் எரிக்க வேண்டும். தொலைதூரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுப்படியாகாது என்பதால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையங்களைக் கட்டினார்கள்.

அடுத்தது தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி உடையாமல் இருக்கும். சுற்றுவட்டார விவசாயிகள் கிணறு ஆழத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொள்வதன் பின்னணி இதுதான்.

நிலம் கையகப்படுத்தும் சண்டையும் ஓயவில்லை. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, நடவு செய்திருந்த நெற்பயிர்மேல் இயந்திரத்தை இறக்கியபோது அது மாநிலம் முழுக்கப் பேச்சானது. அதே ஆண்டு ஏப்ரலில், காவிரிப் படுகையை ஒட்டிய வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகளையும் எதிர்ப்புக்குப் பிறகு மத்திய அரசு சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து நீக்கியது. அங்கே நிலக்கரி இன்னும் பூமிக்குள்தான் இருக்கிறது. மேலே நெல் விளைவதால் அதைத் தொட முடியாது. இருப்பு தீருமா என்ற கேள்வியைவிட இதுதான் நிஜமான எல்லை.

மற்ற அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி எங்கிருந்து வருகிறது?

மேட்டூர், வடசென்னை, தூத்துக்குடி நிலையங்களுக்குப் பெரும்பாலும் ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து. ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. மேட்டூருக்குப் போவது மறுபடியும் ரயில் ஏறுகிறது. இறக்குமதி நிலக்கரியும் கொஞ்சம் கலக்கிறது.

இந்திய நிலக்கரியில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அத்தனையும் நிலக்கரியிலிருந்து வந்தால் 280 கிலோ எரிய வேண்டும், அதில் நூறு கிலோவாவது சாம்பலாக மிஞ்சும். அது உங்கள் தெருவுக்கு வராது. எண்ணூருக்குப் போகும். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் குழாய்கள் ஒழுகிப் படிந்த சேற்றைப் பற்றி அங்குள்ள மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சாம்பலில் ஒரு பகுதி சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது என்பதும் உண்மை.

அணுமின்சாரம் எந்தப் பக்கம்?

யுரேனியம் தோண்டி எடுப்பது. அந்த வகையில் புதுப்பிக்க இயலாதது. கரியமில வாயுவைப் பார்த்தால் காற்றாலையோடு சேர்க்க வேண்டியது. ஆகவே இரண்டு பத்தி அட்டவணையில் அது எங்கேயும் சரியாக உட்காராது.

கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. 1988இல் போட்ட ஒப்பந்தம், முதல் உலை மின்தொகுப்பில் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையில்) இணைந்தது 2013 அக்டோபரில். இடையே ஓடிய கால் நூற்றாண்டையும், உலையை எதிர்த்து நடந்த இடிந்தகரைப் போராட்டத்தையும் நினைத்தால், அவசரத்துக்கு உதவுகிற தொழில்நுட்பம் இது இல்லை என்பது புரியும். ஓடத் தொடங்கிவிட்டால் இரவு பகல் பாராமல் ஒரே சீராக ஓடும். பயன்படுத்திய எரிபொருளை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது.

1,000 மெகாவாட் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. செய்தித்தாள் தலைப்புகள் அதிகம் குழப்புவது இங்கேதான். மெகாவாட் என்பது நிறுவுதிறன், அதாவது முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு. ஆண்டு முழுக்க முழு வேகத்தில் எதுவும் ஓடுவதில்லை.

1,000 மெகாவாட் அணு உலை 80 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு 700 கோடி யூனிட் தரும். அதே அளவு காற்றாலைகள் சராசரியாக 25 சதவீதம் என்று வைத்தால் 220 கோடி யூனிட். சூரிய மின்நிலையம் 19, 20 சதவீதத்தில் 170 கோடி யூனிட்டை ஒட்டி.

இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்ற நிலையை 2025இல் எட்டிவிட்டோம். பெருமைதான். ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இரண்டு செய்தியும் சரி. ஒன்றை மட்டும் சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

காற்றாலைகள் சில நாள் சும்மா நிற்கின்றனவே, பழுதா?

ஆரல்வாய்மொழி வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. பழுது குறைவு, காரணம் பெரும்பாலும் காற்றுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து நிற்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களில் மட்டும் அதற்கு வழி கிடைக்கிறது. குறுகிய இடத்தில் புகும்போது காற்றின் வேகம் கூடுகிறது. முப்பந்தலிலும், உடுமலை, பல்லடம் பக்கமும், தேனிப் பள்ளத்தாக்கிலும் காற்றாலைகள் குவிந்திருப்பது இதனால்தான். மே நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்த மாதங்களில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி வருகிறது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். திருப்பிச் சொன்னால், வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே 'கொஞ்சம் காற்று அடிக்கிறதே' என்று நமக்குத் தோன்றும் நாளில்கூட உற்பத்தி மிகச் சொற்பமாக இருக்கலாம். நொடிக்கு மூன்று, நான்கு மீட்டருக்குக் கீழே போனால் இறக்கை சுற்றுவதே வீண்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் காற்றாலை உரிமையாளர்களுக்கு வயிற்றெரிச்சல். நல்ல காற்று அடிக்கும்போதே 'நிறுத்துங்கள்' என்று உத்தரவு வரும். உற்பத்தி தேவையை மிஞ்சியிருக்கும், அல்லது தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகக் கம்பி போதாமல் இருக்கும். 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே தொகுப்பாக ஓடவேயில்லை. அன்றுதான் ராய்ச்சூர், சோலாப்பூர் இடையிலான உயர் அழுத்தக் கம்பி இரண்டையும் சேர்த்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் பத்து மணிநேரத்துக்கும் மேல் மின்வெட்டில் தவித்த 2012ஆம் ஆண்டில், வடக்கே மின்சாரம் இருந்தாலும் வேண்டிய அளவு இங்கே கொண்டுவர வழியில்லை. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர்வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் கம்பித்தடம் வந்தது. காற்று மிகுந்த மாதங்களில் எதிர்த்திசையில் அனுப்பவும் அதில் வசதி இருக்கிறது. காற்றாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோபுரத்தையும் இறக்கையையும் பார்க்கிறார்கள். கம்பியைப் பார்க்க வேண்டும்.

பழைய சின்னக் காற்றாலைகளை என்ன செய்வது?

தமிழ்நாடு இந்தத் துறையில் முன்னோடி. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கியது. 90களில் வருமான வரிச் சலுகைக்காக நூற்பாலை முதலாளிகள் போட்டிபோட்டு நட்டார்கள். அதன் விளைவு, காற்று மிகச் சிறந்த இடங்களிலெல்லாம் 225, 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள் நிற்கின்றன. இன்று ஒரே கோபுரத்தில் 3,000 கிலோவாட் வருகிறது.

அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரியதை நட 2024இல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் ஐந்து பேருடைய ஐந்து இயந்திரம் நிற்கும் இடத்தில் ஒன்றை நட வேண்டுமென்றால் ஐந்து பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடன் அடைந்துபோன பழைய இயந்திரம் இன்னும் சோறு போடுகிறது என்று அவர்கள் நினைத்தால் குறைசொல்ல முடியுமா? நிறுவுதிறனில் குஜராத் நம்மை முந்திவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோலார்தான் மலிவு என்கிறார்கள். எல்லாவற்றையும் அதற்கே மாற்றினால் என்ன?

மலிவு என்பது உண்மை. பெரிய சூரியப் பூங்காக்களின் ஏல விலை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசுக்குக்கூடப் போனது. புதிதாகக் கட்டப்போகும் நிலக்கரி நிலையங்களின் மின்சாரமோ ஐந்து ரூபாயைத் தாண்டி ஒப்பந்தமாகிறது.

ஆனால் அந்த இரண்டரை ரூபாய் பகல் பன்னிரண்டு மணி விலை. தமிழ்நாட்டில் தேவை மறுபடி ஏறுவது மாலை ஆறு மணிக்குமேல். உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளிடம் மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதலாக வசூலிப்பது அதனால்தான். கமுதியின் 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2016இல் திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. அந்த நான்கு மணிநேரத்துக்கு அதனால் எந்த உதவியும் இல்லை.

பருவக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2ஆம் தேதி. அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரம், வீட்டுக்கு வீடு ஏசி. காற்று சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பகலை சோலார் தாங்கும், இரவை யார் தாங்குவது? அன்றைக்கு மேட்டூரும் வடசென்னையும் நெய்வேலியும்தான்.

ஆகவே யூனிட் என்ன விலை என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்வி. எந்த மாதம், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பகலிலேயே செலவழிக்கக்கூடியவற்றைப் பகலுக்கு நகர்த்தினால் சோலாரின் மதிப்பு அப்படியே கூடும். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்ப்செட்டுகள் இருக்கும் மாநிலத்தில், நடுப்பகலில் மும்முனை மின்சாரம் கொடுப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. விவசாயிக்கும் ராத்திரி இருட்டில் மோட்டார் போடப் போகிற தொல்லை இல்லை.

சோலார் அதிகமானால் மின்தொகுப்பே விழுந்துவிடும் என்கிறார்களே?

பயமுறுத்தல் பாதி, உண்மை பாதி. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்றார் அமைச்சர். ஊரே சிரித்தது. ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடே இருளக் கூடாது. விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் நன்றாக அடித்ததால் தொகுப்பில் சோலார் பங்கு மிக அதிகம். சிறு அதிர்ச்சியைக்கூட அது தாங்கவில்லை.

அனல், நீர், அணு நிலையங்களில் பல டன் எடையுள்ள இரும்பு உருளை சுழன்றுகொண்டிருக்கிறது. எங்காவது மின்சாரம் திடீரென்று குறைந்தால், குயவர் கையை எடுத்த பிறகும் சுற்றும் சக்கரம்போல அது சில நொடி தாக்குப்பிடிக்கும், அதற்குள் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். சோலார் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. இதற்கு மாற்று இருக்கிறது: வேகமாகச் செயல்படும் பேட்டரிகள், தொகுப்பைத் தாங்கும் வகை இன்வெர்ட்டர்கள், சும்மா சுழல்வதற்கென்றே வைக்கும் இயந்திரங்கள். தகட்டோடு சேர்த்து இவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே அந்த ஞாயிறின் பாடம். இன்னொன்றையும் கவனியுங்கள். அன்றைய அதிர்ச்சியில் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோயின, அவற்றை மறுபடி முழுதாக ஓட்ட நாள்கள் பிடித்ததால் அடுத்த நாள்களிலும் மின்வெட்டு. நிலக்கரி என்றாலே நம்பகம் என்பதும் முழு உண்மை இல்லை.

மின்சாரத்தைச் சேமிக்க முடியுமா?

நாம் பல காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட், 1980களின் இறுதியில் வந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து காடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றி, தேவை ஏறும் மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் போட்டால் எழுபத்தைந்து, எண்பது திரும்பும். நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டில் இதேபோல் இன்னொன்று கட்டுகிறார்கள்.

பேட்டரி விலையும் வேகமாக இறங்குகிறது. 2024 இறுதியில் நடந்த மத்திய ஏலம் ஒன்றில், சோலாரோடு நான்கு மணிநேர பேட்டரியும் சேர்த்து யூனிட் சுமார் மூன்றரை ரூபாய்க்கு முடிந்தது. மாலை மின்சாரம் பற்றி மேலே சொன்ன குறையை ஓரளவு தீர்க்கக்கூடிய விலை இது. மேகம் மூடிய ஒரு வாரத்தைக் கடக்க பேட்டரி போதாது, அங்கே இன்னும் அணையும் அனலும்தான்.

நீர்மின்சாரத்தைக் கூட்டக் கூடாதா?

நல்ல இடங்கள் தீர்ந்துவிட்டன. 1932இல் பைக்காராவில் தொடங்கி, மேட்டூர், பாபநாசம், குந்தா என்று முன்னோர்கள் எடுத்துவிட்டார்கள். மேட்டூரில் பாசனத்துக்காகத்தான் தண்ணீர் திறக்கிறார்கள், மின்சாரம் கூடவே வருவது. காவிரி பொய்த்தால் அதுவும் இல்லை.

சோலார் தகடு செய்யவே அதிக ஆற்றல் செலவாகிறதாமே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய கதை. நம் ஊர் வெயிலில், செய்யச் செலவான ஆற்றலை ஒன்றிரண்டு ஆண்டில் தகடு திருப்பித் தந்துவிடும். அதற்குப்பின் இருபது ஆண்டுக்குமேல் உழைக்கும்.

சுரங்கம் முதல் குப்பைவரை எல்லாவற்றையும் கூட்டி, பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2014இல் தந்த நடுமதிப்புகள் இவை. ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயு, எரிவாயு 490, பெரிய சூரிய நிலையம் 48, நீர்மின்சாரம் 24, அணு 12, நிலத்துக் காற்றாலை 11. சூழல் கெடுதல் இரண்டிலும்தான் இருக்கிறது என்று சொல்வது சரி. அளவு ஒன்றுதான் என்று சொன்னால் தப்பு. பழைய தகடுகளையும் கண்ணாடி இழை இறக்கைகளையும் எங்கே போடுவது என்பதற்கு மட்டும் இன்னும் ஒழுங்கான ஏற்பாடு வரவில்லை.

வீட்டு மாடியில் சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா?

உங்கள் பில்லைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடிகிற வீடாக இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம் போக நீங்கள் கட்டுவதே கொஞ்சம்தான். போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். 500, 600 யூனிட்டைத் தாண்டி, மேல் அடுக்குக் கட்டணம் கட்டுகிற வீட்டுக்கு நல்ல லாபம்.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாடி, தென்னை மரம் ஆகியவற்றின் நிழலை காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நீங்களே மாடியேறிப் பாருங்கள். விற்க வருகிறவர் பார்க்கமாட்டார். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட உற்பத்தியைக் கணிசமாகக் குறைக்கும்.

மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடும் இருட்டாகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டிருப்பார்கள். தொகுப்போடு இணைந்த சோலார், வெளியே மின்சாரம் நின்றதும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இல்லாவிட்டால் லைன் இல்லை என்று நம்பி கம்பத்தில் ஏறும் ஊழியர்மேல் உங்கள் மாடி மின்சாரம் பாயும். மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை வேண்டும், விலை கூடுதல். உங்கள் பகுதியில் மின்வெட்டு எவ்வளவு நேரம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக நிறுத்துவதுதான் என்றால், வீட்டில் ஏற்கெனவே உள்ள யூபிஎஸ் போதும்.